பேச்சியம்மாள் வைத்த இரண்டு கிண்ணம்

1. எல்லா வீட்டிலும் ஒரே மோர்

ஃபீல்டுக்குப் போகிறவர்கள் எந்த வீட்டிலும் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று எங்கள் புராஜெக்ட் கையேட்டில் போட்டிருந்தது. அதை எழுதிய மகராசன் புரட்டாசி வெயிலில் ஆத்தூர் ரோட்டில் அரை கிலோமீட்டர்கூட நடந்திருக்க மாட்டார். நான் எல்லா வீட்டிலும் மோர் வாங்கிக் குடித்தேன். குடித்ததால்தான் விஷயம் வெளியே வந்தது.

முதலில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் கிராமச் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை. திண்டுக்கல்லில் ஓர் ஆய்வுக்கு ஃபீல்டு ஆள் தேவை என்றார்கள், போய்ச் சேர்ந்துவிட்டேன். தினமும் ஒரு பாக்கெட் புரோபயாடிக் பொடியும், வாரம் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து பேசிச் சிரிக்க ஒரு கூட்டமும் கொடுத்தால், அறுபது தாண்டிய பெண்களின் ஞாபகத்திலும் யோசிக்கிற திறனிலும் மாற்றம் வருமா என்று பார்ப்பதுதான் ஆய்வு. எனக்குக் கொடுத்தது நான் செவிலியராக இருந்த ஊர்தான், அதில் இருபத்திரண்டு பெண்கள். கூட்டம் எல்லோருக்கும் உண்டு. பொடிதான் இரண்டு வகை. பாதிப் பேருக்கு நிஜப் பொடி. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே பாக்கெட்டில் வெறும் மாவு. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, எனக்கு மேலே இருந்த கோஆர்டினேட்டருக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் தலைமை டாக்டரம்மாவின் பீரோவில் பூட்டிக் கிடந்தது. இதற்கு பிளைண்டிங் என்று பெயர். இது உடைந்தால் ஆய்வே உடைந்த மாதிரி.

அன்றைக்கு நாலாவது வீட்டில் சொம்பை வாங்கி வாயில் ஊற்றியபோது எனக்கு என்னவோ இடித்தது. முப்பது வருடமாக அந்த ஊர் மோரைக் குடிக்கிறேன். ஒரு வீட்டில் பல் கூசப் புளிக்கும், ஒரு வீட்டில் பெருங்காயம் தூக்கலாக இருக்கும், ஒரு வீட்டில் தண்ணீரில் மோர் இருக்கிறதா என்று தேட வேண்டும். அன்றைக்கு நாலு வீட்டிலும் ஒரே மோர். கெட்டி, புளிப்பே இல்லை, லேசாக ஓர் இனிப்பு.

அந்த வீட்டுக்காரி சரசு. எங்கள் பட்டியலில் அவளும் ஒருத்தி. வாயாடி.

"ஏ சரசு, இது யார் வீட்டு ஒறைடி?"

"யார் வீட்டு ஒறையா? எல்லாம் ஒங்க ஒறைதேன் நர்சம்மா. நீங்க குடுக்குற பாக்கெட்டுத்தேன்."

நான் சொம்பைக் கீழே வைத்தேன். பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து காலையில் குடிக்க வேண்டும் என்று ஒவ்வொருத்தரிடமும் மூன்று தடவை சொல்லியிருந்தேன். வாராவாரம் ஏழு காலி பாக்கெட்டை எண்ணி வாங்கி, 'சொன்னபடி சாப்பிட்டார்' என்ற கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டும் இருந்தேன்.

"தண்ணியில கலந்து குடிச்சா சுண்ணாம்பு மாதிரி இருக்கு. பால்ல போட்டா என்னமா ஒறையிது தெரியுமா! ஒரு பாக்கெட்டுப் போதும். மறுநாளைக்கு அதுலருந்தே ஒறை எடுத்துக்கிறலாம்ல. மிச்சத்த வடமதுரையில எம் மகளுக்குக் குடுத்து விட்டேன்."

"அப்ப காலிப் பாக்கெட்டு?"

"நீங்கதேன் கணக்கா வேணும்ங்கிறீங்களே. அவ வாரவாரம் பஸ்ஸுல வாரவுக கையில குடுத்து விட்ருவா."

சிரிப்பு வந்தது. கூடவே, வாராவாரம் நான் போட்ட டிக் அத்தனையும் பொய் என்பதும் உறைத்தது.

2. நான் செய்த இரண்டு தப்பு

அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. முதல் நாள் கூட்டத்தில் பொடியைப் பார்த்துப் பயந்தவர்களிடம் நான்தான் சொன்னேன்: "இது மருந்து இல்லக்கா. தயிர்ல இருக்கிற நல்ல கிருமி மாதிரிதான். அதைப் பொடியாக்கிப் பாக்கெட்ல போட்டிருக்காங்க." தயிர் என்று கேட்ட பிறகு அதைப் பாலில் போடாமல் வெந்நீரில் போட எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? அந்த ஊரில் உறைமோர் கேட்டு வந்தவரை இல்லை என்று அனுப்ப மாட்டார்கள். சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன வீட்டுக்கும் உறைமோர் போகும். ஆக ஒரு வீட்டுப் பாக்கெட் நாலு நாளில் ஒரு தெருவுக்கே உறையாகிவிட்டது.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. அது பேச்சியம்மாளுக்குச் செய்தது.

பேச்சியம்மாளுக்கு அறுபத்தாறு வயது, எனக்கு நாலு வயது மூத்தவர். கத்தரித் தோட்டமும் ஒரு மாடும் உள்ள குடும்பம். கணவர் இறந்த பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார். இரண்டு தடவை பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனார், பாத்திரம் கருகியது. அதோடு மகன் முருகேசன் அடுப்பை அவர் கையிலிருந்து பிடுங்கி மருமகளிடம் கொடுத்துவிட்டான். காய்ச்சி ஆறின பாலுக்கு உறை ஊற்றுவது ஒன்றுதான் அந்த வீட்டுச் சமையலறையில் அவருக்கு மிஞ்சியிருந்த வேலை. முருகேசன் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் தோட்டத்துக்குப் போய்விட்டால் அம்மா கிணற்றுப் பக்கம் போய்விடுமோ, ரோட்டில் லாரி அடித்துவிடுமோ என்று அவனுக்குப் பயம். "ஆஸ்பத்திரிப் பேப்பரே வந்துருச்சுன்னா வெளிக்கேட்டப் பூட்டிட்டுத்தேன் போவேன் நர்சம்மா, என்னய வேற என்ன செய்யச் சொல்றீங்க" என்று என்னிடமே சொல்லியிருக்கிறான்.

அந்தப் பேப்பர் எங்கள் ஆபீசிலிருந்துதான் போகும். ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஞாபகச் சோதனை வைத்தோம். மதிப்பெண் ஓர் எல்லைக்குக் கீழே போனால் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரக் குறி. அப்படிக் குறி போட்டவர்கள் வீட்டுக்குத் திட்டம் முடிகிறபோது ஒரு கடிதம் போகும். 'மறதி நோய் அறிகுறி' என்ற வார்த்தை அதில் இருக்கும்.

சோதனையில் நான் கேட்டேன்: "இன்னைக்கு என்ன தேதி? என்ன மாசம்?"

"ஒம்போதாந் தேதி. ஆடி" என்றார் பேச்சியம்மாள், யோசிக்காமல்.

அன்றைக்கு ஜூலை இருபத்தைந்து. கையேட்டில் 'ஆங்கிலத் தேதி, ஆங்கில மாதம்' என்று இருந்தது. தேதிக்கு ஒரு பூஜ்யம், மாதத்துக்கு ஒரு பூஜ்யம் போட்டேன். வீட்டுக்குப் போய்க் காலண்டரைப் பார்த்தேன், ஆடி ஒன்பதுதான். பார்த்த பிறகும் திருத்தவில்லை. விதி விதிதானே என்று விட்டுவிட்டேன். கடைசியில் அவருக்கு எல்லைக்கு ஒரே ஒரு மார்க் குறைந்தது.

3. மாவு

உறை விஷயம் தெரிந்த மறு வியாழக்கிழமை. கூட்டம் சமுதாயக் கூடத்தில். கையேட்டில் 'குழுவாக நினைவுகளைப் பகிர்தல்' என்று இருக்கும். எங்கள் ஊரில் அதற்கு மருமகளைப் பற்றிப் பேசுவது என்று அர்த்தம். தாயம் உருட்டுவார்கள், நடவுப் பாட்டுப் பாடுவார்கள், பாட்டில் வரி மாறிப்போனால் சண்டை போடுவார்கள். முதல் நாலு வாரம் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள், இப்போதெல்லாம் தாயத்தில் கள்ளாட்டம் ஆடுகிறவர்களை எட்டத்திலிருந்தே பிடித்துவிடுவார்.

பொடியைப் பாலில் போடக் கூடாது என்று ஆரம்பித்தேன். பாதியில் பேச்சியம்மாள் எழுந்தார். இடுப்பிலிருந்து தன் பாக்கெட் ஒன்றையும் சரசுவின் பாக்கெட் ஒன்றையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது அவளது. இது எனது. அவளது ஒறையிது. எனது ஒறையல. எனக்கு மட்டும் எதுக்கு மாவக் குடுத்த?"

நான் இரண்டு பாக்கெட்டையும் கையில் எடுத்துப் பார்த்தேன்.

"எப்படிக்கா சொல்றீங்க?"

"ரெண்டு கிண்ணம் வச்சேன். ஒரே மாட்டுப் பால், ஒண்ணாக் காய்ச்சுனது, ஒரே சூடு. ஒண்ணுல அவ பாக்கெட்டு, ஒண்ணுல எம் பாக்கெட்டு. பக்கத்துல பக்கத்துலதேன் வச்சேன். அவளது கத்தி போட்டு வெட்டலாம், அம்புட்டுக் கெட்டி. எனது பாலாவே கெடந்து நாறிப் போச்சு."

பின்னால் இருந்து ஒருத்தி "எனதுங்கூட ஒறையல, நான் பாலு சரியில்லைன்னுல்ல நெனச்சேன்" என்றாள். இன்னொருத்தி "எனது ஒறைஞ்சுச்சே" என்றாள். பத்து நிமிடத்தில் இருபத்திரண்டு பேரும் உறைகிற கட்சி, உறையாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். டாக்டரம்மா பீரோவில் பூட்டி வைத்திருந்த பட்டியல் என் கண் முன்னால் நின்றது.

சிலருக்கு மருந்தில்லாத பொடிதான் வரும் என்று சம்மதப் படிவத்தில் இருக்கிறது, முதல் நாளே படித்துக் காட்டினேனே என்றேன்.

"படிச்ச. தீ மாதிரி வெரசாப் படிச்ச" என்றார் பேச்சியம்மாள். "எனக்கு வெளங்குற மாதிரி ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சரி, போகுதுன்னு மாவையே குடிச்சிருப்பேன்ல."

 அந்த வயதில், அத்தனை பேர் முன்னால், எனக்கு வெட்கமாக இருந்தது.

4. ஒரு வரி

கோஆர்டினேட்டர் தினகருக்கு போன் போட்டேன். மறுநாளே காரில் வந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும், சுறுசுறுப்பான பையன், என்னை எப்போதும் மேடம் என்றுதான் கூப்பிடுவார். எல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பாவமாகத்தான் இருந்தது. செத்த நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து வழி சொன்னார்.

"மேடம், இதைப் பெருசாக்க வேண்டாம். அந்தப் பேச்சியம்மாவுக்கு ஏற்கெனவே ஸ்டார் இருக்கு. 'ஞாபகக் குறைபாடு உள்ள ஒரு பங்கேற்பாளர் அறிவுரையைப் புரிந்துகொள்ளாமல் பொடியைத் தவறாகப் பயன்படுத்தி மற்றவர்களையும் குழப்பினார், அவர் நீக்கப்பட்டார்.' ஒரு லைன். அவங்க ஒருத்தர் போயிடுவாங்க. மீதி இருபத்தோரு பேரு, புராஜெக்ட், தர்ஸ்டே மீட்டிங், உங்க கான்ட்ராக்ட் எல்லாம் தப்பிச்சிடும்."

"ஒறை போட்டது எல்லாரும்தானே சார்?"

"எழுதுறது ஒருத்தரைத்தான மேடம். எப்படியும் லெட்டர் போகப் போற ஆளு. இப்ப கொஞ்சம் முன்னாடி போகுது, அவ்வளவுதான்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பொய் சொல்ல மாட்டேன், உண்மையாகவே யோசித்தேன். சின்னாளபட்டியில் பஸ் மாறி வீடு வந்து சேரும்வரை அந்த ஒரு வரி மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. இருபத்தோரு பேருக்கு வியாழக்கிழமை மிஞ்சும். எனக்கு வேலை மிஞ்சும். ஒருத்தர் வீட்டுக் கேட்டு மட்டும் பூட்டப்படும். அதுவும் எதற்கு? அந்த ஊரில் பொடியை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த ஒரே ஆள் என்பதற்கு. அவரை எல்லைக்குக் கீழே தள்ளிய இரண்டு பூஜ்யமும் என் கையால் போட்டது.

 வீட்டுக்குள் நுழைந்ததும் தினகருக்கு போன் போட்டேன். "அந்த லைனை நான் எழுத மாட்டேன் சார். நீங்க எழுதினாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். செவ்வாய்க்கிழமை டாக்டரம்மாவப் பார்க்க நேர்ல வாரேன். தனியா வர மாட்டேன்" என்றேன்.

5. கிண்ணத்தின் மேல் பழி

திண்டுக்கல் ஆபீஸ் இரண்டாவது மாடி. பேச்சியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அம்மாவைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று முருகேசனும் கூடவே வந்திருந்தான். என் பையில் நான்கு பக்கம் கையால் எழுதிய டெவியேஷன் ரிப்போர்ட், அதாவது விதி மீறி நடந்தது என்னென்ன என்ற அறிக்கை. தயிர் என்று நான் சொன்னது, படிவத்தை வேகமாகப் படித்தது, காலி பாக்கெட்டை மட்டும் பார்த்து டிக் போட்டது, வடமதுரை பஸ், ஆடி ஒன்பது எல்லாவற்றையும் எழுதியிருந்தேன்.

டாக்டரம்மா நான்கு பக்கத்தையும் படித்தார். படித்து முடிக்கும்வரை தினகர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பிப் பேச்சியம்மாளைப் பார்த்தார்.

"ரெண்டு கிண்ணத்தையும் எதுக்கும்மா பக்கத்துல பக்கத்துல வச்சீங்க?"

"ஒண்ண அடுப்போரம் வச்சு ஒண்ண சன்னலோரம் வச்சா, சூட்டுக்கு ஒறைஞ்சுச்சா பொடிக்கு ஒறைஞ்சுச்சான்னு யாருக்குத் தெரியும்? பாக்க வேண்டியது பொடியத்தான தாயி, எடத்தையா?"

"ஒரு நாள்தான் வச்சீங்களா?"

"ஒரு நாள்ல என்ன தெரியும்? மூணு நா வச்சேன். மறுநா கிண்ணத்த மாத்திக்கிட்டேன். எங் கிண்ணத்துல பழைய புளிப்பு ஒட்டியிருந்து, கிண்ணத்து மேல பழி வந்துரக் கூடாதுல்ல."

டாக்டரம்மா தினகரைப் பார்த்தார். தினகர் இன்னும் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

"இவங்க ஸ்டார் எதனால?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

"என்னாலம்மா" என்றேன். "தமிழ்த் தேதியைச் சரியாச் சொன்னாங்க. தேதிக்கு ஒண்ணு, மாசத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு பூஜ்யம் போட்டேன். சரின்னு தெரிஞ்ச பிறகும் திருத்தலை."

முருகேசன் சட்டென்று என் பக்கம் திரும்பினான். "அப்ப எங்கம்மாவுக்கு…" என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல் நின்றான். பேச்சியம்மாள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. மேசையைப் பார்த்தபடியே சொன்னார்.

"பால் ரெண்டு தடவ கருகுச்சு. மறந்தது நெசந்தேன். அப்ப ஒங்கப்பன் போயி நாப்பது நாக்கூட ஆகலடா."

 

டாக்டரம்மா நியாயமானவர், கறாரானவரும்கூட. நட்சத்திரத்தை அடித்து, பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடிதம் போகாது என்றார். இனி எந்த ஊரிலும் தேதியை எந்தக் கணக்கில் சொன்னாலும் சரியாக இருந்தால் மார்க் உண்டு என்று கையேட்டில் சேர்க்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, இந்த ஊரை ஆய்விலிருந்து எடுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். பொடி நிற்கும், வியாழக்கிழமைக் கூட்டம் நிற்கும், என் கான்ட்ராக்ட் மாதக் கடைசியோடு முடியும். "நீங்க மறைச்சிருந்தா வேலை இருந்திருக்கும்னு உங்களுக்குத் தெரியும்" என்றார். தெரியும் என்றேன்.

6. யார் யாரைச் சோதிப்பது

வேலை போனதில் வருத்தமில்லை என்றால் அது பச்சைப் பொய். ஒரு வாரம் வீட்டில் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அதைவிட அந்த இருபத்திரண்டு பேரின் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருந்தது. கூட்டம் நின்றதற்குக் காரணம் நான்தானே.

அடுத்த வியாழக்கிழமை பதினோரு மணிக்குச் சரசு போன் பண்ணினாள்.

"எங்க இருக்கீக நர்சம்மா? எல்லாரும் வந்து உக்காந்துருக்கோம்."

"கூட்டம்தான் நின்னுபோச்சே சரசு. கூடத்தை யார் திறந்தது?"

"பேச்சியக்காதேன். பஞ்சாயத்துல போயி நின்னு, எங்க ஊருக் கூடத்துக்குச் சாவி எங்க கையில இல்லாம யாரு கையில இருக்கணும்னு கேட்ருச்சு. குடுத்துட்டாங்க. வெரசா வாங்க, தாயத்துக்கு ஆள் கொறையுது."

இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். எந்தப் பொடி நல்லது, எங்கே கிடைக்கும் என்று ஒரு கட்சி. பார்த்தீர்களா, நம் வீட்டுத் தயிரே போதும், ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் என்னிடம் ஒரே பதில்தான். அந்தப் பொடி ஞாபகத்துக்கு நல்லதா என்று எனக்குத் தெரியாது, தயிர் போதுமா என்றும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆய்வு வைத்தார்கள், எங்கள் ஊரில் அது கெட்டுப்போனது. கெட்டுப்போனதை வைத்து நான் எதையும் விற்க மாட்டேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு பெண் பஞ்சாயத்து ஆபீசில் போய் நின்று சாவி கேட்டார். அவர் பாக்கெட்டில் இருந்தது மாவுதான், ஆனால் ஊர் உறையில் வந்த மோரை அவரும் குடித்திருக்கலாம். மோராலா, கூட்டத்தாலா, கோபத்தாலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

புதிதாக ஃபீல்டுக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். படிவத்தை மெதுவாகப் படியுங்கள், எதிரில் இருப்பவருக்கு விளங்குகிறவரை படியுங்கள். ஒருத்தருக்குப் பூஜ்யம் போடும் முன்னால், தப்பு அவருடையதா உங்கள் கேள்வியுடையதா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். போட்டது தப்பு என்று தெரிந்தால், வேலையே போனாலும் போய்த் திருத்துங்கள். மேலே இருக்கிறவர் ஒரே ஒரு வரிதானே என்று சொன்னால், அந்த வரி யார் வீட்டுக் கேட்டைப் பூட்டும் என்று பார்த்துவிட்டுப் பேனாவைத் திறவுங்கள்.

அந்த வியாழக்கிழமை நான் கூடத்துக்குள் நுழைந்தபோது தாயக் கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். வாசலோரம் முருகேசன் கொண்டுவந்து இறக்கிய மோர்த் தூக்கு. உட்காரப் போனவளைப் பேச்சியம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு. இன்னைக்கு நான் கேக்குறேன், நீ சொல்லு. இன்னைக்கு என்ன தேதி? என்ன மாசம்?"

நான் ஆங்கிலத் தேதியைச் சொன்னேன்.

"அது கெடக்கட்டும். தமிழ்த் தேதி சொல்லு."

யோசித்தேன். ஐப்பசி பிறந்துவிட்டதா, இன்னும் புரட்டாசியா என்றுகூடத் தெரியவில்லை. இருபத்திரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரசுவுக்கு அப்போதே சிரிப்பு வந்துவிட்டது.

"தெரியலைக்கா."

"தேதிக்கு ஒண்ணு, மாசத்துக்கு ஒண்ணு" என்றார் பேச்சியம்மாள். "ரெண்டு பூச்சியம் போட்டுக்கிறவா?"

"போட்டுக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.